புல் பிடிக்காத தடம்

மலையில் பூங்கா போடுகிற வேலை என்றால், தானாக முளைத்த புல்லைச் செதுக்கி எறிந்துவிட்டு, வாங்கிவந்த புல்லைப் பதித்து, அதை யாரும் மிதித்துவிடாமல் காவல் காக்கிற வேலை. உங்களில் மம்பட்டி பிடித்து நாள்கூலிக்குப் போகிறவர்கள் இருந்தால் இதைப் படித்துத் தலையாட்டுவீர்கள். மற்றவர்கள் அடுத்த தடவை ஏதாவது பூங்காவுக்குப் போனால், பெஞ்சுக்குப் பின்னால் குனிந்து களை பிடுங்குகிறவளை ஒரு பார்வை பாருங்கள், போதும்.

எனக்கு எட்டாவது வரைக்கும்தான் படிப்பு. நாலு பேர் முன்னால் வாய் வராது. எழுதினால் யாரும் என் முகத்தைப் பார்க்கப்போவதில்லை என்கிற தைரியத்தில் எழுதுகிறேன். குன்னூரிலிருந்து கொஞ்சம் தள்ளி ஒரு எஸ்டேட்டில், கூலியாட்களுக்கு வரிசையாகக் கட்டின லைன் வீட்டில் இருக்கிறோம். வீட்டுக்காரர் திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டார். நானும் என் மகள் தர்ஷினியும்தான் இங்கே. லைனுக்குக் கீழே ஒரு சரிவு. சரிவுக்கு அடியில் அரசாங்க ஃபேக்டரி ஆட்களின் குவார்ட்டர்ஸ், பஸ் ஸ்டாப், தர்ஷினியின் பள்ளிக்கூடம். பக்கவாட்டில் காரட்டும் கோஸும் போடுகிற படுகர்களின் ஊர், ஹட்டி என்பார்கள். சரிவின் குறுக்கே எங்கள் ஆட்களின் காலால் விழுந்த ஒரு தடம். வெட்டவெளி என்பதால் காட்டுமாடு நின்றால் மேலிருந்தே தெரியும். அது நகர்கிற வரைக்கும் நின்றுவிட்டு இறங்குவோம்.

அந்தத் தடம் இல்லையென்றால் எஸ்டேட் ரோட்டைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். அது சோலைக்காட்டை ஒட்டி வளைகிற ரோடு. வளைவில் உண்ணிச்செடி ஆள் உயரத்துக்கு நிற்கும். மாடு மூச்சு விடுகிற சத்தம் கேட்டபிறகுதான் அங்கே மாடு இருப்பதே தெரியும். இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சரிவில்தான் பூங்கா வந்தது.

என்ன வேண்டும் என்று கேட்டார்கள்

பூங்கா போடுவதற்கு முன்னால் எல்லாரையும் கூப்பிட்டு, பந்தல் போட்டு, டீ கொடுத்து, உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார்கள். கேட்டது பூங்காவுக்குப் படம் வரைந்த டிசைன் மேடம். கோயமுத்தூர்க்காரங்க, நல்ல மாதிரி. தரையில் எங்களோடு சம்மணம் போட்டு உட்கார்ந்தார். குவார்ட்டர்ஸ், ஹட்டி, லைன் என்று மூன்று சனமும் பக்கத்துப் பக்கத்தில் இருந்துகொண்டு ஒருத்தர் பெயர் ஒருத்தருக்குத் தெரியாமல் இருக்கிறோம், இந்தப் பூங்காதான் எல்லாரையும் சேர்த்துவைக்கப் போகிறது என்றார். குவார்ட்டர்ஸ்காரர்கள் வாக்கிங் போக இடம் கேட்டார்கள். ஹட்டிக்காரர்கள் விசேஷத்துக்கு ஜீப் நிறுத்த இடம் கேட்டார்கள். எங்கள் பக்கம் யாரும் பேசவில்லை. மேரி அக்காதான் என் இடுப்பில் ஒரு குத்து குத்தி, "சொல்லு புள்ள, நீதான் எட்டாவது படிச்சவ," என்றாள்.

நான் எழுந்து, சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு, "அந்தத் தடம் அப்படியே இருந்தா போதுங்க. புள்ளைங்க அதுலதான் இஸ்கூலுக்குப் போகுதுங்க," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. ஆனால் மேடத்துக்குக் கேட்டது. என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே பொறுமையாகத்தான் பதில் சொன்னார்: "தடம் இருந்தா எல்லாரும் கடந்து போயிடுவாங்கம்மா. நிக்கணும், ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்க்கணும். அதுக்குத்தானே பார்க்கு?"

எட்டு

என்னையும் மேரி அக்காவையும் வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். மேரி அக்கா எனக்கு இரண்டு வீடு தள்ளி. என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது பெரியவள். அவள் வாய்க்கு மேஸ்திரியே கொஞ்சம் ஒதுங்கித்தான் போவார். முதல் வேலையாக எட்டு போட்டோம். எட்டு என்றால் உங்களுக்கும் தெரிந்திருக்கும், இப்போது எல்லாப் பூங்காவிலும் இருக்கிறது. தரையில் எட்டு மாதிரி வளைத்துப் பாதை போட்டு, கூழாங்கல் பதித்து, அதிலேயே சுற்றிச்சுற்றி நடப்பது. எங்கள் தடம் சரியாக அந்த எட்டின் வயிற்றில் போய் முடிந்தது. மிச்சத்தைக் கொத்திப் புரட்டி மண்ணோடு மண்ணாக்கினோம். எத்தனையோ வருஷமாக மிதித்து இறுகின மண், கடப்பாரை போட்டால் டங்கென்று சத்தம் வந்தது. நாங்கள் இரண்டு பேரும்தான் கொத்தினோம்.

கூழாங்கல் பதித்து முடித்த அன்றைக்கு மேரி அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு அதில் ஒரு சுற்று நடந்து பார்த்தாள். புறப்பட்ட இடத்துக்கே வந்து நின்றுகொண்டு, "ஏனுங்க மேஸ்திரி, இதுலயே நடந்தா எந்த ஊருக்குங்க போய்ச் சேரலாம்?" என்று கேட்டாள். மேஸ்திரி பீடியைக் காதிலிருந்து எடுத்துக்கொண்டே சொன்னார்: "சர்க்கரை இல்லாத ஊருக்கு."

தண்ணீர் லாரி

புல் பத்தை பத்தையாக லாரியில் வந்தது. பாய் மாதிரி விரித்து, தட்டித் தட்டிப் பதித்தோம். பதித்த புல்லுக்குத் தண்ணீர் தவறக்கூடாது என்று தினம் டேங்கர் வந்தது. அந்த வருஷம் லைன் குழாயில் தண்ணீர் சரியாக வரவில்லை. டேங்கர் வருகிற சத்தம் கேட்டதும் லைன் பெண்கள் குடத்தோடு கம்பி வேலி ஓரமாக வந்து நின்றுவிடுவார்கள். நான் இந்தப் பக்கம் ஓஸ் பைப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அந்தப் பக்கம் நிற்பவர்களில் என் பக்கத்து வீட்டு அக்கா இருப்பாள். இரண்டு பேரும் எங்கேயோ பார்த்துக்கொள்வோம்.

மேரி அக்கா மட்டும் ஒரு நாள் ஓஸைத் திருப்பி வேலிக்கு வெளியே நீட்டிவிட்டாள். இரண்டு குடம் நிறைவதற்குள் டேங்கர் டிரைவர் ஓடிவந்து குழாயை மூடினான். கெட்டவன் இல்லை, அவனும் கையைப் பிசைந்துகொண்டுதான் சொன்னான்: "அக்கா, இது புல்லுக்குன்னு வர்ற தண்ணி. மனுசங்களுக்கு ஊத்தினேன்னு தெரிஞ்சா என் வேலை போயிருங்க."

முகம் பார்க்கிற பெஞ்சு

பெஞ்சுகளை வட்டமாகப் போட்டோம். ஒருத்தர் முதுகை ஒருத்தர் பார்க்கக்கூடாது, எல்லாரும் எதிரெதிரே உட்கார வேண்டும் என்பது மேடத்தின் ஏற்பாடு. மேடத்துக்கு எங்கள் மாதிரி ஆட்களைப் பற்றித் தெரியாது. தெரியாதவர்கள் முகத்துக்கு நேரே உட்கார்ந்து சோறு தின்ன எனக்குச் சத்தியமாக முடியாது. குவார்ட்டர்ஸ்காரர்கள் ஒரு பக்க பெஞ்சில் உட்கார்ந்தால், ஹட்டி ஆட்கள் வந்து பார்த்துவிட்டுக் கல்படியில் போய் உட்கார்ந்தார்கள். லைன் ஆட்கள் உட்காரவே இல்லை. நாங்கள் சாமான் ஷெட்டுக்குப் பின்னால், சாக்கு விரித்து, மலையைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டோம்.

ஒரு நாள் மழைத் தூறல். ஷெட்டுக்குப் பின்னால் சேறு. பூங்காவில் ஆளே இல்லையே என்று ஒரு பெஞ்சின் நுனியில் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். குடை பிடித்துக்கொண்டு ஒரு குவார்ட்டர்ஸ் அம்மா வந்தார்கள். சுற்றிலும் பெஞ்செல்லாம் காலி. அவர்கள் என் முன்னால் வந்து நின்று, கோபமே இல்லாமல், வழி கேட்கிற மாதிரி சொன்னார்கள்: "வேலை முடிஞ்சா எந்திரிச்சுக்கம்மா, உட்கார வர்றவங்களுக்கு இடம் வேணுமில்ல?"

லாரி போகிற இடம்

திறப்பு விழாவுக்கு மைக் செட், மாலை, லட்டு எல்லாம் வந்தது. மேடத்துக்கு ஒரே ஒரு ஆசை. மூன்று சனமும் புல்தரையில் ஒன்றாகக் கலந்து நிற்கிற மாதிரி ஒரு போட்டோ. தன் ஆபீஸில் பெரிதாக மாட்டி வைக்கப்போவதாகச் சொன்னார். அதற்காகப் போட்டோக்காரனைக் கோயமுத்தூரிலிருந்தே கூட்டிவந்திருந்தார்.

குவார்ட்டர்ஸ் ஒரு கும்பல், வெள்ளைத் துணி போட்ட ஹட்டிப் பெண்கள் ஒரு கும்பல், லைன்காரர்கள் வேலியோரம் ஒரு கும்பல். மேடம் கையைப் பிடித்து இழுத்து நிறுத்துவார். போட்டோக்காரன் கண்ணை வைத்துப் பார்ப்பதற்குள் அவரவர் அவரவர் இடத்துக்கு நகர்ந்திருப்பார்கள். யாரும் யாரையும் தள்ளவில்லை. தானாகவே நடந்தது. கடைசியில் போட்டோக்காரன் கேமராவைத் தாழ்த்திக்கொண்டு கத்தினான்: "கொஞ்சம் கிட்ட வாங்க சார், நடுவுல ஒரு லாரி போற அளவுக்கு இடம் இருக்குதுங்க!"

முதலில் வந்த விருந்தாளிகள்

பனிக்காலம் வந்தது. உறைபனி விழுந்து மலை முழுக்கப் புல் கருகிப்போகிற காலம். ஆனால் எங்கள் புல் கருகவில்லை. கருகவிட மாட்டோமே! விடியற்காலையில் தண்ணீர் அடித்துப் பனியைக் கரைப்போம். மிலார் என்கிற காட்டுச்செடித் தழையைப் போட்டுப் பூச்செடிகளை மூடுவோம். சாயங்காலம் மறுபடி தண்ணீர். விரல் நுனி மரத்துப்போய், வீட்டில் தீப்பெட்டி உரசக்கூட வராது. இந்தப் பக்கத்திலேயே பச்சையாக இருந்தது எங்கள் பூங்கா ஒன்றுதான். இதை மனிதர்கள் கவனித்தார்களோ இல்லையோ, சோலைக்குள் இருந்தவை கவனித்துவிட்டன.

ஒரு நாள் காலையில் லைன் பக்கத்து மேல் கேட் வழியாக நாங்கள் உள்ளே நுழைந்தபோது புல்தரை நிறையக் காட்டுமாடு. காளை, பசு, கன்று எல்லாமாக, சில மேய்ந்துகொண்டும், சில பெஞ்சு வட்டத்துக்கு நடுவே படுத்து அசைபோட்டுக்கொண்டும் இருந்தன. ஒரு கிழக் காளை எட்டின் நடுவில் நின்று சாணி போட்டது. நான் பயத்தில் கேட் தூணைப் பிடித்துக்கொண்டேன். மேரி அக்கா என் காதில் சொன்னாள்: "பாரு புள்ள, மேடம் ஆசைப்பட்ட மாதிரியே குடும்பம் குடும்பமா வந்து, மூஞ்சியைப் பார்த்து உட்கார்ந்திருக்குதுங்க."

பூட்டு

மாடு வருகிறது, புல் போகிறது என்று குவார்ட்டர்ஸ் ஆட்கள் கூடிப் பேசி மேல் கேட்டைப் பூட்டிவிட்டார்கள். வேலியையும் உயர்த்தினார்கள். சாவி ஒரு சாரிடம். ரிட்டயர் ஆகப்போகிறவர், தினமும் வாக்கிங் வருவார், பூங்காவைத் தன் வீட்டு வாசல் மாதிரி பார்த்துக்கொள்கிறவர். கீழ் கேட் அவர்களுக்குத் திறந்திருந்தது. தடம் போனபிறகும் மேல் கேட்டில் நுழைந்து பூங்கா வழியாக இறங்கிக்கொண்டிருந்த எங்களுக்குத்தான் வழி போய்விட்டது. புல் வாசம் பிடித்து வந்த மாடுகள் திரும்பிப் போகவும் இல்லை. வேலிக்கு வெளியே, வளைவு ரோட்டில் உண்ணிப் புதருக்குள் நின்றுகொண்டு பச்சையையே பார்த்துக்கொண்டிருந்தன. நாங்கள் எந்த ரோட்டுக்குத் தள்ளப்பட்டோமோ, அதே ரோட்டுக்கு அவற்றையும் தள்ளிவிட்டார்கள்.

தினமும் காலையில் தர்ஷினியைக் கூட்டிக்கொண்டு அந்த வளைவைத் தாண்ட வேண்டும். ஆள் வருகிறது என்று மாட்டுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக அவள் டிபன் பாக்ஸ் மூடியைக் கரண்டியால் தட்டிக்கொண்டே வருவாள். அவளுக்கு அது விளையாட்டு. நான் அவள் பின்னங்கழுத்தில் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு நடப்பேன். சத்தம் நின்றால் அடிப்பேன். விளையாட்டுக்காக அடி வாங்குகிறோமே என்று அவள் அழுவாள்.

கடைசியில் நானும் மேரி அக்காவும் சார் வீட்டுக்கே போனோம். வாசலில் நின்று பேசினோம். மேரி அக்கா பேசினாள், நான் கூட நின்றேன். புள்ளைகள் போகவர மட்டுமாவது திறந்துவிடச் சொன்னோம். சார் எங்களுக்குத் தண்ணீர் கொடுக்கச் சொல்லிவிட்டு, உள்ளபடியே புரியாத முகத்தோடு கேட்டார்: "கொஞ்சம் சுத்திப் போறதுல என்னம்மா கஷ்டம்? உங்களுக்கும் வாக்கிங் போன மாதிரி ஆச்சுல்ல?"

மேரி அக்கா

அன்றைக்கு தர்ஷினிக்குக் காய்ச்சல். நான் லீவு. சாயங்காலத் தண்ணீரை மேரி அக்கா ஒருத்தியாகவே அடித்துவிட்டு, கீழ் கேட் வழியாக வெளியே வந்து, வளைவு ரோட்டில் ஏறியிருக்கிறாள். மேகம் இறங்கி எதிரே இருக்கிற ஆள் தெரியாத நேரம். அவள் கத்தின சத்தம் லைன் வரைக்கும் கேட்டது. தகர டின்னைத் தட்டிக்கொண்டு எல்லாரும் ஓடினோம். மாடு போய்விட்டது. அக்கா ரோட்டோரம் கிடந்தாள். வயிற்றில் குத்தியிருந்தது. அவ்வளவோடு விடுகிறேன்.

ஆம்புலன்ஸ் எஸ்டேட் ரோட்டில் ஏறாது, பஸ் ஸ்டாப்புக்குத்தான் வரும் என்றார்கள். வளைவிலிருந்து பூங்காவின் மேல் கேட்தான் கிட்டம். கம்பளியில் போட்டுத் தூக்கிக்கொண்டு அங்கே போனால் பூட்டு. கூச்சல் கேட்டு குவார்ட்டர்ஸிலிருந்து டார்ச் அடித்துக்கொண்டு ஓடிவந்தார்கள். சார் லுங்கியோடு, செருப்புக்கூட இல்லாமல், சாவியோடு வந்தார். அவர் திரும்பத் திரும்பக் குத்தியும் சாவி துவாரத்தில் போகவே இல்லை. வேலிக்குப் பக்கத்தில் காரட் தோட்டத்தில் இருந்த ஹட்டி போஜண்ணன் மண் வெட்டுகிற கொத்தோடு ஓடிவந்து, "தள்ளுங்க சார்," என்று ஒரே போடு போட்டார். பூட்டு தெறித்தது. அப்புறம் யார் கம்பளியின் எந்த முனையைப் பிடித்தார்கள் என்று தெரியாது. லைன், ஹட்டி, குவார்ட்டர்ஸ் எல்லாக் கையும் அதில் இருந்தது. டேலியாப் பூப்பாத்தி, எட்டு, கூழாங்கல் எதையும் பார்க்கவில்லை. கொத்திப்போட்ட பழைய தடம் எங்கே போனதோ அதே வழியில் கால்கள் தானாக இறங்கின.

பாதி வழியில், பெஞ்சு வட்டத்துக்குப் பக்கத்தில், பிடி நழுவுகிறது என்று ஒரு நிமிஷம் கீழே இறக்கினார்கள். ஈரம் காயாத புல். அவள் அடித்த தண்ணீர்தான். நான் தலையை மடியில் வாங்கிக்கொண்டேன். சுற்றிலும் அத்தனை பேர் ஒருத்தரோடு ஒருத்தர் இடித்துக்கொண்டு குனிந்து நின்றார்கள். அக்கா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள்: "புல்லு மேல வெக்காதீங்க புள்ள... மேஸ்திரி திட்டுவாரு."

நினைவு பெஞ்சு

ஆம்புலன்ஸ் பஸ் ஸ்டாப்புக்கு வருவதற்கு முன்னாலேயே முடிந்துவிட்டது. அடக்கத்துக்கு எல்லாரும் வந்தார்கள். சர்ச் கொள்ளவில்லை. டிசைன் மேடமும் கோயமுத்தூரிலிருந்து வந்திருந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் கேட்ட மாதிரி எல்லாரும் புல்லில் ஒன்றாக நின்றதை அந்த ராத்திரி நான் பார்த்தேன். ஆனால் அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. சொல்லியிருந்தாலும் அது நல்லவிதமாக இருந்திருக்காது.

பிறகு பூங்காவில் ஒரு இரங்கல் கூட்டம் போட்டார்கள். மேரி அக்கா பெயரைப் பொறித்து ஒரு பெஞ்சு போடலாம் என்று குவார்ட்டர்ஸ் பக்கம் ஒருத்தர் சொன்னார். எல்லாரும் நல்ல யோசனை என்றார்கள். கல்லா மரமா, எந்தப் பக்கம் பார்த்துப் போடுவது என்று பேச்சு ஓடியது. அக்கா வீட்டுக்காரர் அந்தோணி அண்ணன், எஸ்டேட்டில் மருந்து அடிக்கிறவர், பின்னால் நின்றிருந்தார். அவர் வாயைத் திறந்து பேசி நான் அதிகம் கேட்டதில்லை. கையைக் கட்டிக்கொண்டே முன்னால் வந்து சொன்னார்: "உசுரோட இருக்கறப்ப அவ ஒரு நாளும் இந்த பெஞ்சுல உட்காரலைங்க. பெஞ்சு வேண்டாம், அந்தக் கேட்டை மட்டும் திறந்து வுடுங்க."

தடம்

பெஞ்சு வந்துவிட்டது. கேட்டைப் பற்றி யாரும் எதுவும் முடிவு பண்ணவில்லை. பூட்டு உடைந்தது உடைந்தபடியே கிடந்தது. சார் புதுப் பூட்டு வாங்கவில்லை. இப்போதெல்லாம் அவர் எட்டில் நடப்பதில்லை. காலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் இறங்குகிற நேரத்தில் மேல் கேட் பக்கத்தில் வந்து நிற்கிறார், கடைசிப் பிள்ளை போனதும் திரும்புகிறார். மாடும் வருகிறது. வெட்டவெளி என்பதால் தூரத்திலேயே தெரிகிறது, நின்றுவிட்டு இறங்குகிறோம். லைன் ஆட்கள் நடந்து நடந்து, அன்றைக்கு அக்காவைத் தூக்கிப்போன வழியில் புல் செத்து, மண் தெரிய ஒரு கோடு விழுந்துவிட்டது. இப்போது ஹட்டிக்காரர்களும் காரட் மூட்டையோடு அதில்தான் பஸ்ஸுக்கு இறங்குகிறார்கள்.

எங்களுக்குக் கூலி கொடுக்கிற பூங்கா ஆபீஸுக்கு அந்தக் கோடு பிடிக்கவில்லை. மறுபடி புல் பதிக்கச் சொன்னார்கள். பதித்தேன். செத்தது. இன்னொரு தடவை பதித்தேன். நான் பதித்துவிட்டு நிமிர்வதற்குள் தர்ஷினியே அதன்மேல் ஓடிவந்து, "அம்மா, இது மெத்து மெத்துனு இருக்குது," என்றாள். மூன்றாவது தடவை உத்தரவு வேறு மாதிரி வந்தது. மேல் கேட்டுக்குக் கீழே இந்த வேலியிலிருந்து அந்த வேலி வரைக்கும் முள் ரோஜா நடவேண்டும், நெருக்கமாக, ஆள் நுழையாமல். முடியாது என்று சொல்ல எனக்கு வாயும் இல்லை, வேறு வேலையும் இல்லை. ஒரு நாள் முழுக்கக் குழி எடுத்து வரிசையாக நட்டுக்கொண்டே வந்தேன். தடம் வருகிற இடம் வந்ததும் தர்ஷினியைப் பையை மாட்டிக்கொண்டு வந்து நிற்கச் சொன்னேன். பையோடு அவள் எவ்வளவு அகலமோ அவ்வளவு விட்டேன். அப்புறம் கம்பளி பிடித்துக்கொண்டு இரண்டு பக்கமும் ஆள் நடக்கிற அளவு நினைவுக்கு வந்தது. இன்னும் இரண்டு செடியைப் பிடுங்கினேன்.

மேஸ்திரி சாயங்காலம் வந்து பார்த்தார். வரிசையை ஒரு கோடியிலிருந்து பார்த்துக்கொண்டே வந்து, இடைவெளியில் நின்றார். பிடுங்கின இரண்டு செடியும் என் காலடியில் கிடந்தன. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் பீடியைப் பற்றவைத்து, மேலே கேட்டையும் கீழே பஸ் ஸ்டாப்பையும் ஒரு தடவை பார்த்துவிட்டுச் சொன்னார்: "இந்த இடத்துல செடி புடிக்கறதில்லைன்னு ஆபீஸ்ல நான் சொல்லிக்கறேன், நீ எப்பவும் போல வாயைத் திறக்காம இரு அம்மணி."

மூன்று சனத்தையும் சேர்த்துவைக்க என்று நாங்கள் போட்ட பூங்காவில் மூன்று சனமும் சேர்ந்து உண்டாக்கினது புல் முளைக்காத அந்த ஒரு தடம்தான், அதில் புல் முளைக்கவைக்கத்தான் எனக்கு இன்னமும் தினக்கூலி.